வல்லை வெளிக் காற்றுக்கு ஒரு பிறேம்: குறைந்த காசில் றோட் பைக் தேடுவோருக்கு

ஆடி மாதப் பின்னேரத்தில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் திரும்பியவர்களுக்கு வல்லை வெளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மரமும் இல்லை, மதிலும் இல்லை. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, நேரே நெஞ்சில் அடிக்கும். பாலத்தடியில் இறங்கி உருட்டிக்கொண்டு போனவர்களையும் கண்டிருக்கிறேன். குடாநாட்டில் ஏற வேண்டிய மலை ஒன்றும் கிடையாது. எங்களை வாட்டுவது இந்தக் காற்றும், கடலிலிருந்து அது கொண்டுவருகிற உப்பும்தான்.

வளைந்த ஹாண்டிலும் மெல்லிய ரயரும் உள்ள றோட் பைக்குக்குப் பிறேம் தேடப் புறப்படுகிறவர் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாரம் குறைந்த பிறேம் என்று விளம்பரம் செய்வதெல்லாம் மலை ஏறுகிறவர்களுக்கு. தட்டையான தெருவில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது நீங்கள் உழக்குகிற உழக்கில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. பிறேம் ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் வல்லை வெளியில் அது தெரியாது. ஆனால் பிறேம் உங்கள் உடம்புக்கு அளவில்லாவிட்டால், கோணியிருந்தால், அதற்கான சாமான் ஊரில் கிடைக்காவிட்டால், அது ஒவ்வொரு நாளும் தெரியும். கையில் காசு குறைவு என்றால் பாரத்தைக் குறைக்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

காசைப் பிரிப்பது

இருக்கிற காசு முழுவதையும் பிறேமில் போட்டுவிட்டு, சில்லு வாங்கக் கடன் தேடுகிறவர்கள் பலர். நானும் அந்தப் பட்டியலில் இருந்தவன்தான். வெறும் பிறேமை வாங்கி ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துக் கட்டினால், கடைசியில் ஒரு முழுச் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். கேபிள், ஹாண்டில் சுற்று, பெயரே தெரியாத நான்கு நட்டு என்று காசு கரையும்.

என் கணக்கு இதுதான். நூறு ரூபாய் இருந்தால் பிறேமுக்கும், முன்சில்லைப் பிடிக்கும் போர்க்குக்கும் சேர்த்து 35. சில்லுக்கும் ரயருக்கும் 40. மிச்சம் 25 பிறேக், செயின், அச்சுக்குள் போடும் போல்ஸ், கேபிள்களுக்கு. நல்ல ரயர் போட்ட சுமாரான பிறேம், மட்ட ரயர் போட்ட நல்ல பிறேமைவிடச் சுகமாக ஓடும்.

இதைவிட மலிவான வழி, நல்ல பிறேம் உள்ள ஒரு முழுப் பழைய சைக்கிளாகவே வாங்குவது. ஜப்பானிலிருந்து இறக்கப்படும் பாவித்த சைக்கிள்களுக்கு நடுவே வளைந்த ஹாண்டில் போட்ட ஒன்றிரண்டு அவ்வப்போது தென்படும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அவசரமாக வாங்கி, பெற்றோல் வந்ததும் தாழ்வாரத்தில் சாத்தி வைத்த சைக்கிள்களும் ஊரில் இருக்கின்றன. சொந்தக்காரர் வீடுகளில் வாய் திறந்து கேட்டுப் பாருங்கள்.

முதலில் உங்களை அளவுங்கள்

கடைக்குப் போக முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீற்றில் இருப்பது போல அழுத்தி மேலே பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை வேறொருவரைக் கொண்டு அளவுங்கள். அதுதான் உங்கள் உட்கால் அளவு.

அந்த அளவை 0.67 ஆல் பெருக்குங்கள். உட்கால் 80 சென்ரிமீற்றர் என்றால் 53.6 வரும். பெடல் அச்சின் நடுவிலிருந்து, பார் வந்து சீற் குழாயில் சேரும் இடத்தின் நடு வரைக்கும் அந்த நீளம் இருக்கும் பிறேம் உங்களுக்குக் கிட்டத்தட்டச் சரி. அதே 80ஐ 0.883 ஆல் பெருக்கினால் 70.6. அது பெடல் அச்சிலிருந்து சீற்றின் மேற்பக்கம் வரை வைக்க வேண்டிய உயரம். இரண்டையும் ஒரு துண்டில் எழுதிப் பொக்கெற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு பார் கிடையாக இருக்கும் பழைய பாணிப் பிறேமுக்குத்தான் பொருந்தும். புதிய அலுமினியப் பிறேம்களில் பார் பின்பக்கம் சரிந்து போகும். சீற் குழாய் குட்டையாக இருக்கும். அதில் சீற் குழாயை அளந்து பயனில்லை. ஹாண்டில் கழுத்திலிருந்து கிடையாக ஒரு நூல் பிடித்து, சீற் பைப்பின் (சீற்றைத் தாங்கி, சீற் குழாய்க்குள் இறங்கும் பைப்) நடு வரை எவ்வளவு என்று பாருங்கள். உண்மையில் எந்தப் பிறேமிலும் இந்தக் கிடை நீளம்தான் முக்கியம். சீற்றை ஏற்றி இறக்கலாம். ஆனால் எட்டி எட்டிப் பிடிக்க வேண்டிய ஹாண்டிலை ஒரு எல்லைக்கு மேல் கிட்டக் கொண்டுவர முடியாது. பத்துக் கிலோமீற்றரில் கழுத்தும் தோளும் அதைச் சொல்லிவிடும்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. 24 அங்குல ரலியில் அப்பா ஓடினார், ஆகவே எனக்கும் பெரிய பிறேம்தான் என்று எடுப்பது. 24 அங்குலம் என்றால் 61 சென்ரிமீற்றர்! அப்பாவின் சைக்கிளில் நிமிர்ந்து இருந்து ஓடுவோம். றோட் பைக்கில் குனிந்து ஓடுகிறோம். இரண்டு அளவுக்கு நடுவே அகப்பட்டால் சிறியதை எடுங்கள். முதுகு பிடிப்பு உள்ளவர் மட்டும் பெரிதை எடுக்கலாம்; ஹாண்டில் சற்று உயரமாக நிற்கும். எதை எடுத்தாலும், பாரின் மேல் கால் அகட்டி நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சந்தியில் திடீரெனக் குதிக்கும் அன்றைக்கு விளங்கும்.

இரும்பா, அலுமினியமா, காபனா

பழைய காபன் பிறேமைத் தொடாதீர்கள். உள்ளே விட்டிருக்கும் வெடிப்பு வெளியே தெரியாது. விட்டால் ஒரேயடியாக விடும். குறைந்த விலையில் காபன் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அலுமினியம் கறள் பிடிக்காது. உப்புக்காற்று ஊருக்கு இது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலுமினியம் களைக்கும். இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் தரம் அதிர்ந்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. ஒவ்வொரு அதிர்வும் கணக்கில் சேரும். நெளிந்தால் நிமிர்த்தவும் முடியாது. புதிதாக, போர்க்கோடு கிடைத்தால் எடுங்கள். எத்தனை கை மாறியது என்று தெரியாத அலுமினியம் வேண்டாம்.

ஆகவே என் வாக்கு இரும்புக்கு. அதிலும் இரண்டு சாதி. ஒன்று சாதாரண இரும்புக் குழாய்: பாரமானது, முரட்டுத்தனமானது, மலிவு. மற்றது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கு, கடையில் 'குறோமோலி' என்பார்கள். ரனோல்ட்ஸ் 531 என்ற ஸ்ரிக்கர் ஒட்டிய பழைய ஆங்கிலப் பிறேம் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். அது மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த குழாய், 1935 இலிருந்து வந்தது. ஜப்பான் பிறேம்களில் ராங்கே, இஷிவாட்டா என்ற பெயர்கள் வரும். இவற்றில் நல்ல குழாய்கள் இரண்டு அந்தத்திலும் தடிப்பாகவும் நடுவில் மெல்லிசாகவும் இருக்கும், நடுவில் 0.6 மில்லிமீற்றர் வரைகூட இறங்கும்.

ஸ்ரிக்கரை யாரும் ஒட்டலாம். அதனால் சீற் பைப்பைக் கழற்றி அதன் விட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். 27.2 மில்லிமீற்றர் என்றால் மெல்லிய, நல்ல குழாயாக இருக்கச் சாத்தியம் அதிகம். 25.4 என்றால் தடித்த சாதாரணக் குழாய். நகத்தால் பாரின் நடுவில் சுண்டிப் பார்க்கலாம்; நல்ல குழாய் 'ணங்' என்று நீளமாக ஒலிக்கும், தடித்தது மொத்தையாகச் சத்தம் போடும். சாதாரண இரும்பு என்று தெரிந்தாலும் ஓடிவிட வேண்டாம். விலை குறையுங்கள் என்று கேட்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். தட்டை நிலத்துக்கு அதுவும் போதும்.

ஒன்று மட்டும். மெல்லிய குழாய்ப் பிறேம் வெடித்திருந்தால், கேற் ஒட்டுகிற வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டுவித்து ஓடலாம் என்று எண்ணாதீர்கள். அந்தச் சூடு குழாயைத் தின்றுவிடும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும்.

கையால் பார்க்க வேண்டியவை

நல்ல பகல் வெளிச்சத்தில் போங்கள். ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், மூன்று மீற்றர் நூல், ஒரு அடிமட்டம். இவ்வளவும் போதும்.

முதலில் ஹாண்டில் கழுத்துக்குப் பின்னால், பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பெருவிரலால் தடவுங்கள். முன்பக்கமாக இடித்த சைக்கிள் நெளிவது அந்த இடத்தில்தான். நான் ஒருமுறை இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, நீல நிறப் பிறேம் ஒன்றைப் பஸ் பார்சலில் வரவழைத்தேன். புதுப் பெயின்ற், கண்ணாடி மாதிரி மினுக்கம். எங்கள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. விரலை மட்டும் அடியில் ஓட்டிவிட்டு, "தம்பி, இது எங்கேயோ போய் இடிச்ச சாமான்" என்றார். தடவிப் பார்த்தேன். அரிசி மணி அளவுக்கு ஒரு அலை. அந்தப் பிறேமில் இப்போது எங்கள் வீட்டு மல்லிகை படர்ந்திருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்த பழைய பிறேமைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம்தான். கீறலும் மங்கலும் உள்ள பழைய பெயின்ற் பொய் சொல்லாது.

அடுத்து போர்க். பக்கவாட்டில் நின்று பாருங்கள். போர்க்கின் மேல்பாதி, ஹாண்டில் கழுத்துக் குழாயின் நேர்கோட்டிலேயே கீழே இறங்கி, பிறகுதான் முன்னால் வளைய வேண்டும். கழுத்திலிருந்தே பின்பக்கம் தள்ளியிருந்தால் இடி வாங்கியது.

பிறகு நூல். நூலின் ஒரு அந்தத்தைப் பின்சில்லு மாட்டும் ஒரு காதில் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹாண்டில் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கக் காதில் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீற் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் பின்பக்கம் கோணி இருக்கிறது. இரும்பில் நிமிர்த்தத் தெரிந்த கை இருந்தால் நிமிர்த்தலாம், ஆனால் முதல் பிறேமில் அந்தச் சோதனை எதற்கு. விற்கிறவர் நூலைக் கண்டு சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே கட்டுங்கள்.

கறளைப் பற்றிப் பயம் அதிகம். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. வெளியே தெரியும் பொட்டுப் பொட்டான கறள் கடதாசியால் தேய்த்தால் போய்விடும். ஆபத்து உள்ளே. தண்ணீர் சீற் பைப் வழியாக இறங்கி, பெடல் அச்சுக் குழலில் தேங்கி, அங்கிருந்து அரித்துத் தின்னும். சீற் பைப்பைக் கழற்றிக் கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். பிறேமைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். செம்பழுப்புத் தூள் கொஞ்சம் விழுந்தால் சரி. செதில் செதிலாக விழுந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெடல் அச்சைச் சுற்றியுள்ள மூட்டுகளில் பெயின்ற் கொப்பளித்திருந்தாலும் அப்படித்தான்.

சீற் பைப் கழரவே இல்லையா? இரும்புக் குழாய்க்குள் கிறீஸ் பூசாமல் அலுமினியப் பைப்பைப் போட்டு வருடக்கணக்கில் விட்டால், உப்பீரம் இரண்டையும் ஒட்டிவிடும். "கொஞ்சம் ஒயில் விட்டால் வரும்" என்பார்கள். வந்தபிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

சாமான் கிடைக்குமா

பிறேம் நேராக இருக்கிறது, அளவும் சரி. இனித்தான் பலர் சறுக்குகிற இடம்.

சில்லிலிருந்து தொடங்குவோம். கடையில் "28 ரயர் தாங்கோ" என்று கேட்டால், அப்பா ஓடிய ரலி, லுமாலா வகைப் பெரிய சைக்கிளின் 28 × 1½ ரயரைத் தருவார்கள். ஜப்பான் நகரச் சைக்கிளில் 27 × 1⅜ என்று இருக்கும். றோட் பைக்கின் ரயர் 700சி. ஆனால் அதன் பெட்டியிலும் சில வேளை 28 என்றே அச்சடித்திருப்பார்கள். இந்த அங்குலக் கணக்கை மறந்துவிடுங்கள். ரயரின் பக்கச் சுவரில் 28-622 என்பது போல இரண்டு எண்கள் சேர்ந்திருக்கும். முன்னது ரயரின் அகலம், பின்னது றிம்மில் குந்தும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பெரிய சைக்கிள் 635. ஜப்பான் 27 அங்குலம் 630. றோட் பைக் 622. ஒன்றின் ரயர் மற்றதன் றிம்மில் ஒழுங்காகக் குந்தாது.

630 சில்லு போட்டு வந்த நல்ல பிறேமை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. 622 சில்லைப் போட்டால் றிம்மின் விளிம்பு நான்கு மில்லிமீற்றர் உள்ளே போகும். பிறேக் கட்டையை அந்த நான்கு மில்லிமீற்றர் கீழே இறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் உங்களுக்கு இலாபம்: ரயருக்கும் பிறேமுக்கும் நடுவே இடைவெளி கூடும், அகலமான ரயர் போடலாம்.

அகலம் என்றது முக்கியம். பந்தயப் பிறேம்கள் சிலவற்றில் 25 மில்லிமீற்றர் ரயருக்கு மேல் நுழையாது. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளிலும் குழி விழுந்த உள்வீதிகளிலும் ஓட 28 வேண்டும். 32 என்றால் இன்னும் நல்லது. மாரியில் மட்கார்ட் போட எண்ணினால் அதற்கும் இடம் வேண்டும். பின்காதுக்குப் பக்கத்தில் கரியர் பூட்டும் சிறு துளை இருந்தால் அந்தப் பிறேமுக்கு என்னிடம் மேலதிகப் புள்ளி. கரியர் இல்லாத சைக்கிளை வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

பின்காதுகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அடிமட்டத்தால் அளவுங்கள். 130 மில்லிமீற்றர் என்றால் 8 முதல் 11 பல்லு (பின்பக்கக் கியர்) வரையான றோட் சில்லு நேராகப் போகும். 126 என்றால் பழைய 6, 7 பல்லுக் காலத்துப் பிறேம். இரும்பு என்பதால் கையால் விரித்து 130 சில்லைப் போட்டுவிடலாம். 120 என்றால் இன்னும் பழையது. அலுமினியத்தை ஒருபோதும் விரிக்கக் கூடாது.

பெடல் அச்சுக் குழலின் அகலம் 68 மில்லிமீற்றராக, உள்ளே புரி வெட்டியதாக இருக்கட்டும். அதுதான் ஆங்கிலப் புரி. சாமான் எங்கும் கிடைக்கும். 70 என்றால் இத்தாலியப் புரியாக இருக்கலாம், அச்சைத் தாங்கும் அதன் கப் தேடி அலைவீர்கள். சந்தேகம் வந்தால் வலப்பக்கக் கப்பைக் கழற்றிப் பாருங்கள்: ஆங்கிலப் புரியில் அது மணிக்கூடு சுற்றும் திசையில் கழரும், இத்தாலியில் மாறி. புரியே இல்லாமல் அழுத்திப் பூட்டுகிற புதிய வகைகள் பலவிதம், அளவும் பலவிதம். முதல் பிறேமுக்கு வேண்டாம். பழைய ஜப்பான் பிறேமில் ஹாண்டில் கழுத்துக் கப் வழுவழுவென்று சுழன்றால் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஜப்பான் அளவுக்கும் மற்ற நாட்டு அளவுக்கும் போர்க்கின் அடியில் 0.6 மில்லிமீற்றர் வித்தியாசம். புதிது வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

கியர் எத்தனை வேண்டும்? இந்தத் தெருக்களுக்கு ஒன்று போதும் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். பின்காதின் வெட்டு கிடையாக நீண்டிருந்தால் சில்லை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். ஒற்றைப் பல்லில் ஓடலாம். கியர் கைப்பிடி, மாற்றி, கேபிள் எல்லாம் மிச்சம். அந்தக் காசில் நல்ல ரயர் இரண்டு வரும். பிறகு காசு சேரும்போது கியர் பூட்டலாம். அதற்காக வலப்பக்கக் காதில் கியர் மாற்றி பூட்டும் நாக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

வாங்கிய அன்றைக்கு

பெடல் அச்சுக் குழலின் அடியில் பெரும்பாலும் ஒரு இலக்கம் அடித்திருக்கும். அதைப் படம் எடுத்து, விற்றவரிடம் அந்த இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். சிலர் மனம் கோணுவார்கள். களவு எடுத்த சாமான் இல்லை என்றால் எழுதித் தருவதில் என்ன?

பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பிறேமை இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். கறள் தடுக்கும் ஸ்பிறே வாங்க முடிந்தால் அது, இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளில் கழிக்கும் பழைய ஒயில். சீற் குழாய் வழியாக ஊற்றி, பிறேமை எல்லாப் பக்கமும் சரித்து உருட்டி, மீதியை வடியவிடுங்கள். நிலம் நாறும், அம்மா பேசுவார், பழைய பேப்பரை விரித்துக்கொள்ளுங்கள். சீற் பைப்பிலும் ஹாண்டில் கழுத்திலும் கிறீஸ் பூசிப் போடுங்கள். மாதம் ஒருமுறை சீற் பைப்பைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறுக்கினால் அது ஒருநாளும் ஒட்டாது.

பண்ணைத் தாம்போதியிலோ, வேலணை கடந்து புங்குடுதீவுப் பக்கமோ ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரில் கழுவாதீர்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.